முப்பத்தைந்தோடு மூடும் வாசல்

(செவிலியர் கல்வியும் நடுவயதுப் பெண் உழைப்பாளரும் என்னும் பொருளில், கட்சி ஊழியர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

செவிலியர் பள்ளிகளின் சேர்க்கை அறிவிக்கையில், கல்வித் தகுதிக்கு அருகே பொதுவாக ஒரு வரி காணப்படும். குறைந்தபட்ச வயது 17. அதிகபட்ச வயது 35. பதினெட்டு வயது மாணவி அந்த வரியைக் கவனிப்பதே இல்லை. இருபது வயதில் திருமணமாகி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, முப்பத்தெட்டாம் வயதில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணோ அந்த வரியோடு அறிவிக்கையை மடித்து வைத்துவிடுகிறாள்.

நடுவயதில் செவிலியர் படிப்பில் சேர்ந்து வெற்றி பெற்ற பெண்களின் கதைகளை முதலாளித்துவப் பத்திரிகைகள் அவ்வப்போது வெளியிடுகின்றன. தாயும் மகளும் ஒரே வகுப்பில் படித்தனர், நாற்பது வயதில் சீருடை அணிந்தார் என்றெல்லாம் அவை பாராட்டுகின்றன. பாராட்டு தவறன்று. ஆனால் அந்த ஒருவர் நுழைந்த வாசலில் நுழைய முடியாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தடுத்து நிறுத்தியது எது என்ற கேள்வியை அப்பத்திரிகைகள் எழுப்புவதில்லை. அந்தக் கேள்வியே இந்த உரையின் பொருள்.

வாசலில் நிற்பவர்கள் யார்?

நடுவயதில் செவிலியத்தை நாடுவோரில் பெரும்பாலோர் அப்பணிக்கு முற்றிலும் அந்நியமானவர்கள் அல்லர். மருத்துவமனை வார்டுகளில் ஆயாவாகப் பத்து ஆண்டுகள் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். முதியோரையும் நோயாளிகளையும் வீடுகளில் தங்கிப் பார்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அங்கன்வாடி ஊழியர்கள் இருக்கிறார்கள். எல்லோரினும் பெரிய படையாக ஆஷா ஊழியர்கள் இருக்கிறார்கள்.

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு ஆஷா திட்டம் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள் இதில் பணிபுரிகிறார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதும், பிரசவத்துக்கு உடன் செல்வதும், தடுப்பூசிக்குக் குழந்தைகளைத் திரட்டுவதும், காசநோயாளிகள் மருந்தை விடாமல் உட்கொள்வதை உறுதி செய்வதும் அவர்களது பணிகள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். வெப்பநிலை பார்க்க வேண்டும். ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கொரோனா காலத்தில் தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்றவர்களும் இவர்களே. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது வழங்கியது.

விருது கிடைத்தது, தொழிலாளி என்ற தகுதி கிடைக்கவில்லை. அரசின் ஏடுகளில் இவர்கள் இன்றும் தன்னார்வலர்களே. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் நடைபெற்ற 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. வழக்கமான பணிகளுக்கு ஒன்றிய அரசு தரும் ஊக்கத்தொகை 2018இல் மாதம் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டு, 2025இல்தான் 3,500 ரூபாயாக உயர்ந்தது.

இப்போது வயதைக் கவனிக்க வேண்டும். ஆஷாவாகத் தேர்ந்தெடுக்கப்படும் பெண் 25 முதல் 45 வயதுக்குள், திருமணமானவராகவோ, கைம்பெண்ணாகவோ, மணமுறிவு பெற்றவராகவோ, அதோடு அந்த ஊரிலேயே வசிப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நெறிமுறை. அதாவது, குறைந்த ஊதியத்துக்குச் சுகாதாரப் பணி செய்ய 44 வயதுப் பெண் தகுதியானவர். அதே பணியை முறையாகக் கற்றுச் செவிலியராக 36 வயதுப் பெண் தகுதியற்றவர்! இந்த முரண்பாட்டை எந்த மருத்துவ அறிவியலும் விளக்க முடியாது. மலிவான உழைப்பை மலிவாகவே வைத்திருக்க விரும்பும் அமைப்பின் தர்க்கம் மட்டுமே விளக்க முடியும்.

மறக்கப்பட்ட வரலாறு

வாழ்க்கையின் இடையில் செவிலியத்துக்கு வருவது புதுமையன்று. நவீன செவிலியத்தின் தொடக்கமே அதுதான். 1820இல் பிறந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், குடும்பத்தின் நீண்ட எதிர்ப்பைத் தாண்டி, ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் பயிற்சி பெற்றது 1851இல், தமது 31ஆம் வயதில். ஜமைக்காவில் 1805இல் பிறந்த கறுப்பினப் பெண்ணான மேரி சீகோல், கிரிமியப் போர்க்களத்துக்குச் செல்ல விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். பிறகு தம் சொந்தச் செலவிலேயே அங்கு சென்று வீரர்களுக்குத் தொண்டாற்றினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை எட்டியிருந்தது.

இந்தியாவிலும் இதற்கு வேர் உண்டு. 1901இல் கணவரை இழந்த ரமாபாய் ரானடே, 1909இல் புனே சேவாசதனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்குக் கல்வியும் பிழைப்புக்கான தொழிலும் கற்பித்த அந்த நிறுவனம், புனேயின் சாசூன் மருத்துவமனையோடு இணைந்து செவிலியர் பயிற்சிக்கும் பெண்களை அனுப்பியது. அந்நியரின் உடலைத் தொடுவதும் கழிவை அகற்றுவதும் இழிவு என்று சாதிய சமூகம் கருதிய காலம் அது. தலை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் மருத்துவமனை வார்டுக்குள் நடந்து சென்றது ஒரு சமூகக் கலகமே. இருபதுகளிலும் முப்பதுகளிலும் வாழ்வு முடிந்துவிட்டதாக ஊர் தீர்ப்பளித்தவர்களுக்குச் செவிலியம் இரண்டாவது வாழ்க்கையைத் தந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் சீர்திருத்தவாதிகள் திறந்த வாசலை இன்றைய விதிகள் குறுக்கிவிட்டன.

படிப்பின் படிக்கட்டு

கோரிக்கை எழுப்புவதற்கு முன் தோழர்கள் படிப்பின் அமைப்பைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஊரில் ஒரு பெண் வந்து கேட்டால் சரியான பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

முதல் படி ஏஎன்எம். இரண்டு ஆண்டுப் படிப்பு. பெண்களுக்கு மட்டும் உரியது. துணைச் சுகாதார நிலையங்களின் முதுகெலும்பு. இரண்டாம் படி ஜிஎன்எம் என்னும் மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு. பிளஸ் டூ தேர்ச்சியில் 40 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும். அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது என்றாலும் பிற பிரிவினரும் தகுதி உடையோர். மூன்றாம் படி பிஎஸ்சி நர்சிங். நான்கு ஆண்டுப் பட்டம். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜிஎன்எம் முடித்துப் பதிவு பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெறும் வழியும் உண்டு.

இதில் நடுவயதுப் பெண்களுக்கு முக்கியமான செய்திகள் இரண்டு. ஒன்று, திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பெற்ற பிளஸ் டூ சான்றிதழை இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிகள் ஜிஎன்எம் சேர்க்கைக்கு ஏற்கின்றன. பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கு இது ஒரு திறப்பு. இரண்டு, ஏஎன்எம் பதிவு பெற்றவர்கள் ஜிஎன்எம் படிப்பில் சேர வயது வரம்பு கிடையாது. ஆகவே 33 வயதில் ஏஎன்எம் சேர்ந்துவிட்டால், அதற்கு மேல் ஏறும் படிகளை வயது தடுக்காது. தடை முதல் படியில்தான் இருக்கிறது. அந்த முதல் படியில்தான் 36 வயதுப் பெண் வெளியே நிறுத்தப்படுகிறாள்.

இந்த வரம்பு இயற்கை விதியன்று. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த வயது உச்சவரம்பை தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நீக்கியது. நீட் தேர்வு குறித்த விமர்சனம் தனி. ஆனால் ஐம்பது வயதில் ஒருவர் மருத்துவராகப் படிக்கலாம் என்றால், 36 வயதில் செவிலியராகப் படிக்கக் கூடாது என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

வயதுக்கு அப்பால் இரண்டு பூட்டுகள்

வயது வரம்பை நீக்கிவிட்டால் போதுமா? போதாது. வாசலில் இன்னும் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஒன்று பணம், மற்றொன்று நேரம்.

அரசுப் பள்ளிகளில் இடங்கள் குறைவு. தனியார் கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று லட்சக்கணக்கில் செலவாகிறது. பதினெட்டு வயது மாணவிக்குப் பெற்றோர் கடன் வாங்குவார்கள். நாற்பதை நெருங்கும் பெண்ணோ குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுப்பவள். அவளுக்குக் கட்டணம் மட்டும் செலவன்று. படிக்கும் மூன்று ஆண்டுகளில் இழக்கும் கூலியும் செலவே.

நேரத்தின் பூட்டு இன்னும் இறுக்கமானது. செவிலியம் அஞ்சல் வழியில் படிக்கக்கூடியதன்று, படிக்கவும் கூடாது. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், அடிப்படைச் செவிலியம், சமூக நலச் செவிலியம் என்று ஜிஎன்எம் முதலாண்டே கனமானது. அதோடு வார்டில் நேரடிப் பயிற்சி, இரவுப் பணி. பாடநூல்களும் தேர்வுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இருபது ஆண்டுகளாகப் புத்தகம் தொடாதவருக்கு மருந்துகளின் பெயர்களும் அளவுக் கணக்கும் முதல் ஆறு மாதங்களில் மலைப்பைத் தரும். பல பள்ளிகள் விடுதியில் தங்குவதைக் கட்டாயமாக்குகின்றன. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளையும் படுக்கையில் மாமியாரும் உள்ள பெண், விடுதியில் எப்படித் தங்குவாள்?

குடும்பத்தின் உள்ளே நடக்கும் வீட்டு உழைப்பு பெண்ணின் தனிப்பட்ட சேவையாக மாற்றப்பட்டு, சமூக உற்பத்தியிலிருந்து அவள் விலக்கப்பட்டாள் என்பதை எங்கெல்ஸ் 1884இல் விளக்கினார். பொது உணவகங்களும் குழந்தைக் காப்பகங்களும் கம்யூனிசத்தின் இளந்தளிர்கள் என்று லெனின் 1919இல் கருதினார். செவிலியர் பள்ளியில் ஒரு குழந்தைக் காப்பகம் என்பது சலுகைக் கோரிக்கையன்று. அந்தக் கோட்பாட்டின் அன்றாட வடிவம் அது.

பணப் பூட்டின் வலிமைக்கு இங்கிலாந்தின் அனுபவம் சான்று. அங்கே செவிலிய மாணவர்களுக்கு அரசு வழங்கிவந்த உதவித்தொகையைப் பழமைவாதக் கட்சி அரசு 2017இல் புதிய மாணவர்களுக்கு நிறுத்திக் கட்டணக் கடனுக்குத் தள்ளியது. விண்ணப்பங்கள் சரிந்தன, மிகக் கூர்மையான சரிவு 25 வயதைக் கடந்தோரிடம் ஏற்பட்டது. 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியத்தை மீண்டும் கொண்டுவர வேண்டிய கட்டாயம் அரசுக்கு நேர்ந்தது. ஊதியம் பெற்றுக்கொண்டே படிக்கும் தொழிற்பழகுநர் முறையும் அங்கே உள்ளது. மருத்துவமனை உதவியாளர்கள் அதன் வழியே செவிலியர்களாகிறார்கள். நடுவயதினரின் மன உறுதி 2017க்கு முன்னும் பின்னும் ஒன்றே. மாறியது அரசின் கொள்கை மட்டுமே.

எழுப்பப்படும் ஆட்சேபங்கள்

வயதில் மூத்தவர்களைப் பயிற்றுவிப்பது வீண்செலவு, அவர்கள் எத்தனை ஆண்டு பணியாற்றுவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எளிய கணக்கு போதும். 38 வயதில் ஏஎன்எம் சேருபவர் 40 வயதில் முடிக்கிறார். 60 வயது வரை உழைத்தால் 20 ஆண்டுகள். அவருக்குச் சொந்த ஊரில் வேர் உண்டு. அங்கேயே பணியாற்ற விரும்புவோரில் அவர் முன்னணியில் நிற்பார். மக்களின் மொழியும் நம்பிக்கையும் அவரிடம் ஏற்கெனவே உள்ளன.

நடுவயதினர் உடலளவில் தாக்குப்பிடிப்பார்களா என்பது மற்றோர் ஆட்சேபம். நோயாளியைத் தூக்குவதும் எட்டு மணி நேரம் நிற்பதும் கடினம் என்பது உண்மை. ஆனால் அதே வார்டில் அதே நோயாளியைத் தூக்கும் ஆயாவின் வயதை யாரும் கேட்பதில்லை. முதுகுவலிக்கு மருந்து போதுமான ஆட்களை நியமிப்பதும் தூக்கும் கருவிகளை வாங்குவதுமே. வயது வரம்பு அல்ல.

நாட்டில் செவிலியர் மிகையாக இருக்கிறார்களா? 33 லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியப் பணியாளர்கள் பதிவு பெற்றுள்ளதாக ஒன்றிய அரசு 2022இல் தெரிவித்தது. அரசின் கணக்கிலேயே ஆயிரம் பேருக்கு 1.96 செவிலியர், எட்ட வேண்டிய அளவு 3. பதிவில் உள்ளவர்களில் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். பலர் குறைந்த ஊதியத்தால் தொழிலையே விட்டுவிட்டனர். 2023இல் ஒன்றிய அரசு 1,570 கோடி ரூபாயில் 157 புதிய செவிலியர் கல்லூரிகளை அறிவித்தது. அந்த இடங்களில் ஒரு பங்கு ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களுக்கும் மருத்துவமனைக் கடைநிலை ஊழியர்களுக்கும் உரியதாக வேண்டும்.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை

முறையான வாசல் மூடியிருக்கும் இடத்தில் போலி வாசல்கள் முளைக்கின்றன. ஆறு மாதத்தில் நர்ஸ், ஒரு வருடத்தில் நர்ஸ், வயது தடையில்லை, பத்தாம் வகுப்பு போதும் என்று சுவரொட்டிகள் எங்கும் காணப்படுகின்றன. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் பெண்களுக்குக் கடைசியில் கிடைப்பது சட்ட மதிப்பற்ற ஒரு தாள். மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு பெறாத எவரும் செவிலியராகப் பணிபுரிய இயலாது. அந்தச் சான்றிதழோடு செல்பவருக்கு வேலை கொடுக்கும் மருத்துவமனைகள், செவிலியரின் வேலையை வாங்கிக்கொண்டு உதவியாளரின் கூலியைத் தருகின்றன. தவறு நேர்ந்தால் பழியை அவர் மீதே சுமத்துகின்றன.

எனவே பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பள்ளிக்கு மாநில செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரமும் இந்திய செவிலியர் கவுன்சிலின் ஏற்பும் இந்த ஆண்டுக்கு உள்ளதா? படிப்பை முடித்தால் பதிவு கிடைக்குமா? இரண்டுக்கும் பதில், பள்ளியின் விளம்பரத்திலிருந்து அல்ல, கவுன்சில்களின் பட்டியலிலிருந்து வர வேண்டும். இந்தச் சிறு உதவியைக் கிளைச் செயலாளர் ஒருவர் அரை மணி நேரத்தில் செய்துவிட முடியும். அது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் காக்கும்.

படித்து முடித்த பின்

பட்டயம் கையில் வந்ததோடு போராட்டம் முடிவதில்லை. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் அவல நிலை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் அளித்த வழிகாட்டுதலின்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, தெளிவான பரிந்துரைகளை வழங்கியது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் குறைவான படுக்கைகள் என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரையைச் சட்டமாக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. செவிலியரின் போராட்டத்தால் கேரளத்தில் 2018இல் குறைந்தபட்ச ஊதியம் 20,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் பரிந்துரை காகிதத்திலேயே கிடக்கிறது.

கடனோடும் குடும்பச் சுமையோடும் தொழிலுக்கு வரும் நடுவயதுச் செவிலியரை நிர்வாகம் எளிதில் மிரட்டலாம் என்று எண்ணும். ஆகவே அவர் சேர வேண்டிய முதல் இடம் தொழிற்சங்கம். அரசுப் பணித் தேர்வில் வயதுத் தளர்வு கிடைக்காவிட்டால் அவரது படிப்பே வீணாகும். சேர்க்கையின் வயதும் பணி நியமனத்தின் வயதும் ஒரே கோரிக்கையாக எழுப்பப்பட வேண்டும்.

கோரிக்கைகளும் கடமைகளும்

1947ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மாநில உரிமைகளைக் குறைக்கும் அதன் மையப்படுத்தும் போக்கு எதிர்க்கப்பட வேண்டியது. அதே வேளையில், சேர்க்கை விதிகள் புதிதாக வகுக்கப்படும் காலம் கோரிக்கைகளை முன்வைக்க ஏற்ற காலமும் ஆகும்.

செவிலியர் படிப்புகள் அனைத்திலும் வயது உச்சவரம்பு நீக்கப்பட வேண்டும். ஆஷா, அங்கன்வாடி, மருத்துவமனை ஊழியர்களுக்கு அரசு செவிலியர் பள்ளிகளில் தனி ஒதுக்கீடு வேண்டும். அது நடப்பிலுள்ள சமூக இட ஒதுக்கீட்டுக்குள்ளேயே அமைய வேண்டும். படிக்கும் காலத்தில் அவர்களது ஊதியம் நிறுத்தப்படாமல் தொடர வேண்டும். விடுதிக் கட்டாயம் தளர்த்தப்பட்டு, பள்ளிகளில் குழந்தைக் காப்பகங்கள் அமைக்கப்பட வேண்டும். தாய்மொழியில் பாடத் துணைநூல்களும் தொடக்க ஆங்கில வகுப்பும் வேண்டும்.

கோரிக்கை வெற்றி பெறும் வரை கைகட்டிக் காத்திருப்பது கட்சிப் பணியன்று. மும்பையின் தாராவியாயினும், தில்லியின் குடியிருப்புகளாயினும், பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளர் பகுதிகளாயினும் ஒவ்வொரு கிளையும் செய்யக்கூடியவை உண்டு. பகுதியில் பிளஸ் டூ முடித்த, 35 வயதை இன்னும் எட்டாத பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கலாம். 34 வயதுப் பெண்ணுக்கு இந்த ஆண்டே கடைசி ஆண்டாக இருக்கலாம் என்பதை நேரில் சென்று சொல்லலாம். பத்தாவதோடு நின்றவர்களைத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்க்கலாம். கட்சி அலுவலகத்தில் மாலை நேரத்தில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தரலாம். ஓய்வு பெற்ற செவிலியர்களும் ஆசிரியர்களும் இதற்கு மனமுவந்து வருவார்கள். படிக்கும் பெண்ணின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பை மாதர் கிளை ஏற்கலாம்.

இன்னொரு கடமை வீட்டுக்குள்ளே இருக்கிறது. மனைவி படிக்கப் போகிறாள் என்றால், இரவுச் சோற்றை யார் வடிப்பது என்ற கேள்வி எழும். மேடையில் பெண் விடுதலை பேசும் ஆண் தோழர்களின் கொள்கை உறுதி, அந்த அடுப்பின் முன்தான் சோதிக்கப்படும். பெண்ணின் படிப்புக்கு அனுமதி கொடுத்தேன் என்று பெருமை பேசும் கணவர் இன்னும் பாதி வழியே வந்திருக்கிறார். சமையலறையின் பாதியை எடுத்துக்கொள்பவரே முழு வழி வந்தவர்.

தோழர்களே! ஆஷாவாகவும், ஆயாவாகவும், வீட்டில் நோயாளியைக் காக்கும் மகளாகவும் மருமகளாகவும் பல லட்சம் பெண்கள் இன்றும் செவிலியம் செய்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதவை கல்வியும், பதிவும், ஊதியமும் மட்டுமே. அவற்றைப் பெறும் உரிமை 35 வயதில் காலாவதியாவதை ஏற்க முடியாது. அடுத்த சேர்க்கைக் காலம் வருமுன் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலிருந்து ஒரு பெண்ணையேனும் செவிலியர் பள்ளியின் படியேற்றட்டும். வயது வரம்பை நீக்கக் கோரும் கையெழுத்து இயக்கத்தில் முதல் கையெழுத்து, அந்தப் படியேற முடியாமல் போன பெண்ணுடையதாக இருக்கட்டும்.